மாவட்டச் சராசரிக்குள் மறையும் ஊர்

மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நபி(ஸல்) அவர்கள் பணித்ததையும், 1500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா(ரலி) அறிவிப்பதாக புகாரியில் காண்கிறோம். கலீஃபா உமர்(ரலி) அவர்கள் ஏற்படுத்திய திவானும் யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதை முடிவு செய்வதற்கான பதிவேடே. எண்ணியபின் முடிவெடுப்பது நமக்குப் புதிதன்று.

இந்திய முஸ்லிம்களின் நிலையை எண்களால் நாட்டின் முன் வைத்தது 2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழு. அது புதிதாக வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரி ஆய்வு, வங்கிக் கணக்குகள் என அரசிடம் ஏற்கெனவே குவிந்து கிடந்தவற்றைச் சமயவாரியாகப் பிரித்துப் பார்த்தது. 2001 கணக்குப்படி நாட்டின் எழுத்தறிவு 64.8 விழுக்காடு; முஸ்லிம்களிடையே 59.1. ஆனால் தமிழகத்தில் மாநிலச் சராசரி 73.5 ஆக இருக்க, முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9! தில்லியில் எழுதப்படும் மருந்துச் சீட்டு இங்குள்ள நோய்க்குப் பொருந்துமா என்று இந்த ஓர் எண்ணே கேட்க வைக்கிறது.

குழுவின் அறிக்கை 2006இல் வெளிவந்தது. அதன்பின் சிறுபான்மையினர் நலத் திட்டத்திற்கென 90 மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் தமிழக மாவட்டம் ஒன்றுமில்லை. வேலூர் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முஸ்லிம்கள் சிறு பகுதியினரே. அம்மாவட்டத்தில் அன்றிருந்த மேல்விஷாரத்திலோ அவர்களே பெரும்பான்மையினர். தோல் பதனிடுவோரும் அவர்களிடம் கூலி வேலை செய்வோரும் அடுத்தடுத்த வீதிகளில் வாழும் ஊர் இது. அளக்கும் அலகு பெரிதாகும்போது இத்தகைய ஊர் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மாவட்டத்தை விட்டு ஒன்றியமும் நகரமும் அலகாக ஏற்கப்பட்டமை இக்குறையை உணர்ந்ததன் விளைவென்றே கருதுகிறோம்.

அரசு பார்க்காததை ஊரார் பார்க்கலாம். மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918இலேயே தோன்றியது, சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் எழுந்தது. இத்தகைய அமைப்புகள் இன்று எதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டும்? கணக்கெடுப்பின் வார்டுவாரி அட்டவணைகளில் எழுத்தறிவு பெற்றோர், வேலைக்குச் செல்வோர் எண்ணிக்கை ஆண், பெண் எனப் பிரித்தே தரப்படுகிறது. பள்ளிகளின் வகுப்புவாரிச் சேர்க்கையும் பொதுவில் கிடைக்கிறது. ஓராண்டின் எட்டாம் வகுப்பை மறு ஆண்டின் ஒன்பதாம் வகுப்போடு ஒப்பிட்டால், எங்கே பையன்கள் குறைகிறார்கள், எங்கே பெண்கள் குறைகிறார்கள் என்பது தெரியும். வேறு பள்ளிக்கு மாறியவர்களைக் கழித்துவிடுவது அவசியம். கல்வி உதவித்தொகையைக் கல்லூரி வாசலில் கொடுப்பதா, எட்டாம் வகுப்பிலேயே கொடுப்பதா என்பதை இக்கணக்கே சொல்லும்; கூட்டங்களில் உரக்கப் பேசுவோர் சொல்வதைவிடத் திருத்தமாகவே சொல்லும்.

எனினும் ஊர் அளவில் சமயவாரியான கல்வி விவரம் வெளியிடப்படுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது ஜமாஅத் பதிவேடு. நிக்காஹ் பதிவேட்டிலுள்ள மணமக்களின் வயதை ஆண்டுவாரியாகத் தொகுத்தாலே பெண்கல்வி பற்றி நிறையத் தெரியவரும். தொகையை வெளியிடலாம், பெயர்களை வெளியிடலாகாது. ஒரு குடும்பத்தின் வறுமை ஊரறிய வேண்டிய செய்தியன்று.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்கென அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடையில், 2019இல், மேல்விஷாரம் புதிய இராணிப்பேட்டை மாவட்டத்திற்குள் வந்துவிட்டது. புதிய மாவட்ட எண்களைப் பழைய வேலூர் எண்களோடு அப்படியே வைத்து ஒப்பிட இயலாது. ஊர்வாரி, வார்டுவாரி எண்களைக்கூட வார்டு எல்லைகள் மாறியுள்ளனவா என்று பார்த்த பின்னரே அருகருகே வைக்க வேண்டும்.