தரியா தவுலத் பாக்: சுவரில் ஒரு வரலாறு

மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து அணைத்து நிற்கும் தீவே ஸ்ரீரங்கப்பட்டணம். ஒரு பகற்பொழுதில் கண்டு திரும்பத்தக்க ஊர். கோட்டைக்குக் கிழக்கே, சோலையின் நடுவே, திப்பு சுல்தான் 1784ஆம் ஆண்டில் எழுப்பிய கோடை மாளிகை இருக்கிறது. 'தரியா தவுலத்' என்றால் 'கடலின் செல்வம்'. 'பாக்' என்றால் தோட்டம்.

உயர்ந்த மேடைமீது பெரும்பாலும் தேக்கு மரத்தாலேயே அமைந்தது இம்மாளிகை. சுற்றிலும் தாழ்வாரங்கள், சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். அவற்றுள் தலையாயது மேற்குப் புறச் சுவரில் உள்ள போர்க்காட்சியாகும். ஆங்கில நூல்கள் 'பொள்ளிலூர்' என்று குறிக்கும் அவ்வூர், காஞ்சிபுரத்தை அடுத்த நம் புள்ளலூரே. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் அங்கு ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். ஹெக்டர் மன்றோவின் பெரும்படை காஞ்சியில் இருந்தும் உரிய நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. செஞ்சட்டை வீரர்கள் சதுரமாய் அணிவகுத்து நிற்பதையும், வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுவதையும், காயமுற்ற பெய்லி பல்லக்கில் இருப்பதையும் ஓவியத்தில் காணலாம்.

இவ்வோவியம் எஞ்சியது எவ்வாறு என்பதே சிந்தனைக்குரியது. 1799 மே 4ஆம் நாள் திப்பு வீழ்ந்தார். கோட்டைக்குள் இருந்த அவரது லால் மகால் அரண்மனை பின்னர் இடிக்கப்பட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பது அடித்தளமே. ஆனால் தோட்ட மாளிகை தப்பியது. அதில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, மங்கிய ஓவியங்களைப் புதுப்பிக்கச் செய்தார். 1850களில் டல்ஹௌசி பிரபு மீண்டும் புதுப்பிக்கச் செய்தார். ஆங்கிலேயர் தம் தோல்வியின் ஓவியத்தைத் தாமே காத்தனர் என்பது வியப்புக்குரிய முரண் அன்றோ!

ஆகவே, இன்று நாம் காணும் ஒவ்வொரு கோடும் திப்பு காலத்துத் தூரிகையினுடையது என்று கொள்ளுதல் இயலாது. அதற்காக ஓவியத்தைப் புறந்தள்ளுதலும் முறையன்று. வென்றவர் அவ்வெற்றியை எவ்வாறு நினைவுகூர விரும்பினர் என்பதை அது உணர்த்துகிறது.

தீவின் கிழக்கே உள்ள லால் பாக் தோட்டத்தில் ஹைதரும் திப்புவும் அடங்கியுள்ள 'கும்பஸ்' உள்ளது. சிறைப்பட்டு 1782இல் இவ்வூரிலேயே இறந்த பெய்லியின் நினைவுச் சின்னமும் அதன் அருகிலேயே நிற்கிறது. பொருதியவர் இருவரையும் ஒரு சோலையே காத்து நிற்கிறது.

மாணவர்கள் எந்த அரண்மனைக்குச் சென்றாலும் மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்லுதல் நன்று: இதனைக் கட்டியவர் யார்? அழியாமல் காத்தவர் யார்? இதன் அருகே அழிந்துபோனது எது? இம்மூன்றுக்கும் விடை தேடுவோர்க்கே சுற்றுலா கல்வியாகும்.