பிரவுசருக்குத் தெரிந்த வழி நம் புரோகிராமுக்குத் தெரியாதது ஏன்?

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் நடைபெற்று வருவதை அன்பர்கள் அறிவார்கள். சில மாதங்களுக்கு முன் அங்கே ஏற்பட்ட குழப்பம் பற்றிப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டார்கள். "சார், அதே கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நன்றாக வருகிறதே, தமிழ்ப் பாடம் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்பதே கேள்வி. நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் பழுது என்று வந்துவிட்டால் காரணம் தெரியும் வரை தூக்கம் வராது. அது தொழில் தந்த வியாதி.

நடந்தது இதுதான். நமது இளைஞர் ஒருவர் பைத்தான் மொழியில் ஒரு சிறு புரோகிராம் எழுதித் தந்தார். வாரந்தோறும் புதுப் பாடத்தையும் ஒலிப்பதிவையும் இணையத்திலிருந்து இறக்கிக் காட்டும். அவர் வீட்டில் ஜோராக ஓடியது. கூடத்தில் "இணைப்பு இல்லை" என்றது. மூன்று வாரம் இப்படியே போக, நான்கு குடும்பங்கள் வருவதை நிறுத்திவிட்டன. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் தெருவிலும் ஹிந்திதான். தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே. பதற்றத்தில் நமது இளைஞர், கூடத்துப் பொறுப்பாளரின் பெயர், கடவுச்சொல், ப்ராக்ஸி விலாசம் எல்லாவற்றையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டார். கூடத்தில் ஓடியது. பென் டிரைவில் பதினான்கு வீடுகளுக்குப் போனது, அங்கே ஓடவில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கடவுச்சொல்லை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்ற நிலை. விஷயம் தெரிந்ததும் கல்லூரியார் கூடத்தையே திரும்பக் கேட்டார்கள். செயலாளர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் வகுப்பு தப்பியது.

ப்ராக்ஸி என்றால் என்ன? வகுப்பில் வராத நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" சொல்வதற்குக் கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரும் அதுவேதான். பொருளும் ஏறக்குறைய அதுதான்: பதிலாள். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கணிப்பொறியும் நேராக வெளியே போவதில்லை. பதிலாளாக நிற்கும் ஒரு கணிப்பொறியிடம் கேட்க வேண்டும். அது வெளியே போய் வாங்கி வந்து தரும். யார் எங்கே போகிறார்கள் என்பதைக் கண்காணிக்கலாம், வேண்டாத தளங்களைத் தடுக்கலாம். வீட்டில் இது கிடையாது.

ஆக, எந்தப் புரோகிராமும் வெளியே போகுமுன், "இங்கே பதிலாள் உண்டா? உண்டென்றால் விலாசம் என்ன?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கடம் என்னவென்றால், இதற்கான பதில் எழுதி வைக்கும் இடம் ஊருக்கு ஊர் வேறு. விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. மேக் கணிப்பொறி, வைஃபைக்கு ஒன்று, கம்பி இணைப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கிறது. லினக்ஸிலோ கேட்கவே வேண்டாம். க்னோம் திரையில் ஓரிடம், கேடிஇ திரையில் வேறிடம். திரையே இல்லாத சர்வர்களில் "எச்டிடிபி ப்ராக்ஸி" என்ற சூழல் மாறி. பயர்பாக்ஸ் பிரவுசர் தனக்கென்றும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அதில் "கணிப்பொறியின் அமைப்பையே பின்பற்று" என்றும் சொல்லலாம்.

இதோடு முடிந்திருந்தால் நமது இளைஞர் சமாளித்திருப்பார். பைத்தானே சூழல் மாறியைப் பார்க்கும். விண்டோஸிலும் மேக்கிலும் அங்குள்ள அமைப்பையும் பார்க்கும். ஆனால் கல்லூரியில் இருந்தது பாக் என்ற ஏற்பாடு. நெட்ஸ்கேப் நிறுவனம் 1996இல் தன் பிரவுசரில் கொண்டுவந்தது. இதில் விலாசம் எழுதி வைப்பதில்லை. ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமின் இருப்பிடத்தை மட்டும் எழுதி வைப்பார்கள். எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று அதனிடம் சொன்னால், "இதற்கு இந்தப் பதிலாளிடம் போ, அவர் இல்லையென்றால் நேராகவே போ" என்று பதில் சொல்லும். கால அட்டவணையைப் பார்ப்பது போலல்ல, கேபினுக்குப் போன் செய்து எந்த லைன் என்று கேட்பது போல. பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தாய்மொழி, கேட்டுத் தெரிந்துகொண்டது. பைத்தானின் வழக்கமான நூலகத்துக்குப் பாக்கை ஓட்டத் தெரியாது. பதிலாளே இல்லை என்று எண்ணி நேராக வெளியே போனது; வாசலில் தடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு புரோகிராம்காரரும் இத்தனை இடங்களையும் தானே தேடினால் விடியாது. ஆகவே லிப்ப்ராக்ஸி என்ற இலவச நூலகத்தைச் சிலர் எழுதி வைத்தார்கள். போக வேண்டிய விலாசத்தைக் கொடுத்தால், அது எல்லா இடமும் தேடி, பாக் இருந்தால் ஓட்டிப் பார்த்து, ஒரு பட்டியல் தரும். முதலாவதில் முயல வேண்டும், முடியாவிட்டால் அடுத்தது. பதிலாள் இல்லாத வீட்டில் பட்டியலில் "டைரக்ட்" என்று ஒரே வரி இருக்கும்.

அதை வெளியிலிருந்து அழைக்கும் வாசல் சி மொழியில் அமைந்தது. நமது புரோகிராம் பைத்தான். இரண்டையும் இணைக்கும் பாலத்துக்கு பைண்டிங் என்று பெயர். ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதை எளிதில் சொல்லலாம். பரவுனி பக்கத்திலுள்ள கர்ஹரா யார்டு நினைவிருக்கிறதா? மீட்டர் கேஜ் வண்டியில் வந்த சரக்கை இறக்கி பிராட் கேஜ் வண்டியில் ஏற்றுவார்கள். சரக்கு அதேதான், வண்டிதான் வேறு. பைண்டிங்கும் பைத்தானின் சொல்லை சி மொழியின் வடிவுக்கு மாற்றிக் கொடுக்கிறது. திரும்பி வரும் பட்டியலைப் பைத்தானின் பட்டியலாக மாற்றித் தருகிறது. பிறகு ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். சி மொழியில் நினைவகத்தில் பிடித்த இடத்தைத் தானாக யாரும் காலி செய்ய மாட்டார்கள். சரக்கை மாற்றிய பின் காலி வேகனைத் திருப்பி அனுப்பாவிட்டால் யார்டு நிறைந்துபோகும் அல்லவா? அதற்கு முன்பே அனுப்பிவிட்டாலோ சரக்கும் வேகனோடு போய்விடும். ஒழுங்கான பைண்டிங், பிரதி எடுத்துக்கொண்ட பிறகே இடத்தைத் திருப்பித் தரும்.

பழைய பதிப்புகளில் பைத்தான், பெர்ல், டாட்நெட் போன்றவற்றுக்குத் தனித்தனி பைண்டிங் எழுதியிருந்தார்கள். 2023இல் நூலகத்தையே திருத்தி எழுதி 0.5 பதிப்பாக வெளியிட்டபோது, செயல்களின் விவரக் குறிப்பை உடன் வைத்து, பல மொழிகள் அதைப் படித்துத் தாமே இணைந்துகொள்ளும்படி செய்தார்கள். என் அபிப்பிராயத்தில் இதுவே சரியான வழி. மொழிக்கொரு பாலம் கட்டினால், பராமரிக்க ஆள் இல்லாமல் ஒன்றிரண்டு பழுதாகியே தீரும்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. பாக் என்பது வெளியாரிடமிருந்து வரும் புரோகிராம். அளவுக்கு மீறிப் பெரிய பாக் கோப்பை அனுப்பி இந்த நூலகத்தையே நிலைகுலையச் செய்யக்கூடிய ஓட்டைகள் 2012இலும் 2020இலும் வெளியாகி, அடைக்கப்பட்டன. ஆகவே புதிய பதிப்பை வைத்துக்கொள்வது அவசியம். முன்பின் தெரியாத வைஃபையில் "அமைப்பைத் தானே கண்டுபிடி" என்பதை அணைத்து வைப்பதும் நல்லது.

நமது இளைஞர் இப்போது புரோகிராமைத் திருத்திவிட்டார். விலாசமும் கடவுச்சொல்லும் உள்ளே இல்லை. பதிலாள் பெயர் கேட்டால், அப்போது கணிப்பொறி முன் இருப்பவரே தட்டச்சு செய்வார். கல்லூரியிலும் வீட்டிலும் அதே பிரதி ஓடுகிறது. நின்றுபோன நான்கு குடும்பங்களில் மூன்று திரும்பி வந்திருக்கின்றன. நான்காவது குடும்பத்தாருடன் பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய பென் டிரைவ் வைத்திருப்போர் அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கொண்டுவந்தால், பழையதை அழித்துப் புதியதை ஏற்றித் தருவோம். பதினான்கில் இதுவரை வந்தவை ஒன்பது.