குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு பிறகு பழைய பிரஷர் மாத்திரையை தொடரலாமா? கிட்னிக்கு காத்திருக்கும் ஆபத்து

குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் பலருக்கு ஏற்கனவே ரத்தக் கொதிப்பும் இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியதும், "நிறுத்தி வச்ச பிரஷர் மாத்திரையை மறுபடி போட வேண்டியதுதானே" என்று பழைய அட்டையை பிரித்து விடுகிறார்கள். சிலருக்கு கிட்னி பாதிப்பு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மாத்திரை கெட்டது அல்ல. ஆபரேஷனுக்கு பிறகு உடம்பின் தண்ணீர் கணக்கு மாறி விடுகிறது. மாத்திரையோ பழைய கணக்கிலேயே வேலை செய்கிறது.

தண்ணீர் குறைவது ஏன்?

சாப்பிட்ட சாப்பாடு சிறுகுடலை தாண்டும்போது கஞ்சி மாதிரிதான் இருக்கும். தினமும் 1 முதல் 1½ லிட்டர் தண்ணீர் அதோடு பெருங்குடலுக்கு வருகிறது. அதில் பெரும்பகுதியையும், கூடவே உப்பையும் உறிஞ்சி ரத்தத்துக்கு திருப்பி அனுப்புவது பெருங்குடலின் வேலை.

மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனில், உள்ளே தையல் போட்ட இடம் ஆறுவதற்காக சிறுகுடலின் கடைசி பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டு வந்து பை பொருத்துவது உண்டு. பலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும்தான். அதுவரை பெருங்குடலுக்கு வேலை கிடையாது. தண்ணீரும் உப்பும் நேராக பையில் வந்து விழும். ஒரு நாளைக்கு 1½ லிட்டரை தாண்டினால் உஷாராக வேண்டும்.

பெருங்குடலில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மீதியை இணைத்து விட்டவர்களுக்கு இவ்வளவு இழப்பு இருக்காது. ஆனால் கீமோதெரபி மருந்தால் பேதி பிடுங்கினால் அவர்களுக்கும் இதே கதிதான்.

மாத்திரை என்ன செய்கிறது?

கிட்னி ஒரு வடிகட்டி. ரத்தம் போதிய அழுத்தத்தோடு வந்தால்தான் அதனால் கழிவை பிரிக்க முடியும். உடம்பில் தண்ணீர் வற்றும்போது, வடிகட்டியில் இருந்து ரத்தம் வெளியேறும் குழாயை கிட்னி இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை காப்பாற்றிக் கொள்ளும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் அந்த குழாயை தளர்த்தி விடுகின்றன.

சாதாரண நாட்களில் இது நல்லதுதான். சர்க்கரை நோயாளிகளின் கிட்னியை காப்பாற்றவே இந்த மாத்திரைகளை டாக்டர்கள் தருவதுண்டு. தண்ணீர் வற்றிய உடம்பில் அதுவே வினையாகி விடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பு தடுமாறும் அபாயமும் உண்டு.

இன்னொரு விஷயம். சில பிரஷர் மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். மாத்திரையின் பெயருக்கு பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். இதோடு தையல் வலிக்கு கடையில் கேட்டு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரையையும் போட்டால் கிட்னிக்கு மூன்று பக்கமும் அடி. வலிக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உப்பு, தண்ணீர் குழப்பம்

"உனக்கு பிரஷர் இருக்கு, உப்பை குறை" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் சிறுகுடல் பை வைத்தவருக்கு உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அவருக்கு உப்பு கூடுதலாகவே தேவைப்படலாம். வெறும் தண்ணீரை குடம் குடமாக குடித்தாலும் பிரயோஜனம் இல்லை. பையில் போவது இன்னும் அதிகமாகும். ஓ.ஆர்.எஸ். பவுடரை பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து குடிப்பதுதான் கை கொடுக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி பலவீனமானவர்கள் டாக்டரை கேட்காமல் குடிக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

* டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "பழைய பிரஷர் மாத்திரையில் எது வேண்டும், எது வேண்டாம், எப்போது தொடங்க வேண்டும்?" என்று கேட்டு சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆபரேஷனுக்கு பிறகு எடை குறைந்தவர்களுக்கு பழைய அளவு தேவைப்படாமல் போகலாம்.

* நீங்களாக நிறுத்துவதும் தப்பு. பிரஷர் மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. அம்லோடிபின் மேலே சொன்ன மாதிரி கிட்னி குழாயில் கை வைப்பதில்லை. அட்டினலால் வகையை திடீரென விட்டால் நெஞ்சு வலி வரலாம்.

* வாந்தி, பேதி, பை சீக்கிரம் நிரம்புவது, நாக்கு வறட்சி, எழுந்தால் தலைசுற்றல், கால் பிடிப்பு, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாக போவது ஆகியவை தண்ணீர் வற்றும் அறிகுறிகள். அன்றைக்கே, அடுத்த மாத்திரையை போடும் முன்பே, ஆஸ்பத்திரிக்கு சொல்ல வேண்டும்.

* கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் செய்யுங்கள். கிட்னி பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது. ரத்தம்தான் காட்டிக் கொடுக்கும்.

* வெயிலில் மூட்டை தூக்குபவர்கள், கட்டிட வேலை செய்பவர்கள் வியர்வையிலும் தண்ணீரை இழக்கிறார்கள். வேலைக்கு திரும்பும் முன் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களை தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு, பலருக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. அப்படி வாங்கி வந்தவர்களும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குபவர்களும் ஆபரேஷன் நடந்ததை அங்கே சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டை காட்ட வேண்டும். சொல்லாவிட்டால் பழைய மாத்திரையே திரும்ப வரும்.

தண்ணீர் வற்றியதால் வரும் கிட்னி பாதிப்பை சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரி செய்து விடலாம். பையை எடுத்து குடலை இணைத்த பிறகு எடை ஏறும், பிரஷரும் ஏறலாம். அப்போது அதே பழைய மாத்திரை தேவைப்படலாம். அதையும் பிரஷர், ரத்தம் இரண்டையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை பழைய அட்டையை பிரிக்காதீர்கள்.