பாட்டுப் பெட்டி வாங்கும்போதும் குத்தூசி போட்டுப் பாருங்கள்

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசியைச் செருகி நாலு மணி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதான் நாம் விலை பேசுகிறோம். ஆனால் மின்னணுச் சாமான் வாங்கப் போனால் அந்தச் சாமர்த்தியம் எங்கோ போய்விடுகிறது. அட்டைப் பெட்டியில் அச்சடித்த எண்களைப் படித்து, விற்பனையாளர் சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பாட்டுக் கேட்கும் கையடக்க டிஜிட்டல் பிளேயர் சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் விற்கிற சரக்கு. ஆகவே இதைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுதுவது உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

செல்போனிலேயே பாட்டு வருகிறதே, தனிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1998ல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரைக் கொண்டுவந்தபோது அதில் அரை மணி நேரப் பாட்டுதான் அடங்கியது. 2001ல் ஐபாட் வந்தது. அதன் கடைசி வகையையும் ஆப்பிள் நிறுவனம் 2022ல் நிறுத்திவிட்டது. செல்போன்தான் அந்த வியாபாரத்தை விழுங்கியது. இருந்தாலும் சோனி, ஃபியோ, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் போன்ற நிறுவனங்கள் ஒலித்தரத்தை முன்வைத்து இன்றும் பிளேயர்களை விற்கின்றன. நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் செல்போன் கடைக்குச் சொந்தம். மண்டிக்காரர் அழைப்பு, ஆர்டர், யுபிஐ பணம் வந்த செய்தி எல்லாம் அதில்தான் வருகின்றன. இரவு கணக்கு முடித்துவிட்டு ஆலாபனை கேட்க உட்கார்ந்தால் நாலு இடத்தில் அறுந்துபோகும்.

இனி தரத்துக்கு வருவோம். காதில் விழும் ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: பாட்டுக் கோப்பு, இயர்போன், பிளேயர். நம் கணிப்பில் முக்கியத்துவமும் அதே வரிசையில்தான். பெரும்பாலோர் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள்.

கோப்புதான் மூலச்சரக்கு. ஒரு சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளவெடுக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் பதிவாகிறது. அப்படியே வைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். எம்பி3 முறை, காது கவனிக்காது என்று கணக்கிடும் பகுதிகளைக் கழித்துவிட்டுச் சுருக்குகிறது. விநாடிக்கு 128 கிலோபிட் என்றால் நிமிடத்துக்கு 1 மெகாபைட். 320 என்றால் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. 128ல் ஜால்ரா ஒலி சலசலவென்று கரையும், தம்புராவின் கார்வை மங்கும். 320ல் நன்றாகச் செய்த கோப்புக்கும் சி.டி.க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாலான காதுகளுக்குக் கடினம். ஃப்ளாக் என்ற முறையோ எதையும் கழிக்காமல் சி.டி. அளவை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கும்.

இதில் கலப்படம் உண்டு. 128 கிலோபிட் எம்பி3யை ஃப்ளாக் ஆக மாற்றி ‘உயர்தரம்’ என்று பெயர் வைத்துக் கைமாற்றுகிறார்கள். குருணையை முழு அரிசிச் சாக்கில் கொட்டித் தைத்தால் முழு அரிசி ஆகுமா? கழித்தது கழித்ததுதான், சாக்கு மட்டும் பெரிதாகிறது. சொந்த சி.டி. வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே கம்ப்யூட்டரில் ஃப்ளாக் ஆக எடுத்துக்கொள்வது உத்தமம். பழைய நாதஸ்வரப் பதிவுகளில் மூல ஒலிநாடாவிலேயே இரைச்சல் இருக்கும். எந்தப் பிளேயரும் அதைப் புதிதாக்காது.

பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மனிதக் காது கேட்கும் மேல்வரம்பே சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். சி.டி. அளவே அந்த வரம்பை முழுவதும் பிடித்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே நம் யோசனை.

இயர்போனில் காதுக்குள் செருகும் ரப்பர் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகும். கருவியைக் குறை சொல்வதற்கு முன் கூடவே தரும் சிறிய, பெரிய முனைகளை மாற்றிப் பாருங்கள். 16 முதல் 32 ஓம் வரையுள்ளவற்றைச் சிறிய பிளேயர் சுலபமாக இயக்கும். 300 ஓம் பெரிய ஹெட்போன்களுக்கு அதன் சக்தி போதாமல் போகலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்களை ஒலியாக மாற்றும் சில்லு பிளேயருக்குள் இருக்கிறது. அதற்குத்தான் அவ்வளவு விலை. ப்ளூடூத் இயர்போன் மாட்டினால் அந்தச் சில்லுக்கு வேலையே இல்லை. பாட்டு மறுபடி சுருக்கப்பட்டுக் காற்றில் போய், இயர்போனுக்குள் இருக்கும் வேறொரு சில்லில்தான் ஒலியாகிறது. இருபதாயிரம் கொடுத்துப் பிளேயர் வாங்கி ப்ளூடூத்தில் கேட்பது, செக்கு நல்லெண்ணெய் வாங்கி விளக்குக்கு ஊற்றுகிற கதை. ஒயர் போட்டுக் கேட்பவர்களுக்கே இந்தச் செலவு நியாயம்.

அவர்களும் உடனே பிளேயரில் பணத்தைப் போட வேண்டியதில்லை. செல்போனின் சார்ஜர் துளையில் செருகுகிற, விரல் நீளச் சிறு ஒலிமாற்றி ஒயர் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. நல்ல இயர்போனோடு அதில் ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். மனம் நிறைந்துவிட்டால் மிச்சப் பணம் கல்லாவிலேயே இருக்கட்டும்.

பிளேயர்தான் வேண்டும் என்று முடிவானால், சொந்த இயர்போனையும் நன்கு பழகிய நாலு பாட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர்க் கடையானாலும் கேட்காமல் வாங்காதீர்கள். முதலில் பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவை ஏற்றுங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்டால் வேறு கருவி பாருங்கள். இரண்டு பிளேயர்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். சற்றே உரக்கப் பாடுவது காதுக்கு நயமானதாகத் தோன்றும். விலை கூடியதை விற்பனையாளர் கொஞ்சம் உரக்க வைத்துக் காட்டினால் போதும், நாம் விழுந்துவிடுவோம். தராசின் இரண்டு தட்டையும் சரிபார்த்த பிறகுதானே எடைக்கல் வைக்கிறோம்!

மெமரி கார்டிலும் போலி நிறைய. மலிவு விலையில் 1 டெராபைட் என்று விற்பவற்றில் பல, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவதில்லை. முழுவதும் நிரப்பிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். உண்மையான 128 ஜிபி கார்டில் ஐந்து நிமிடப் பாட்டுகள் ஃப்ளாக் முறையில் நாலாயிரத்துக்கு மேல் அடங்கும். அதற்கு மேல் எதற்கு?

சந்தை இரைச்சலில் உட்கார்ந்து கேட்பவர்கள் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபெல் ஆனால் வாரம் 4 மணி நேரம்தான். காதில் நன்றாகப் பொருந்தும் முனை வெளிச்சத்தத்தை அடைப்பதால் குறைந்த ஒலியிலேயே கேட்க முடியும். ஆனால் கல்லாவில் இருக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பில் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்துக்கு அதுதான் ஆதாரம். கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கினாலும், சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அந்தப் பில்லைக் கடைக் கொள்முதலோடு சேர்த்துவிட வேண்டாம். பேட்டரி தேய்ந்தால் மாற்றித் தரும் சர்வீஸ் நம் ஊரில் இருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.