கோழிக்கு வெள்ளி வைத்தியம்: லேப்ல ஓடுது, பண்ணையில ஓடுமா?

கோட் எழுதுற நம்மகிட்ட ஒரு பழைய சமாளிப்பு உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" இன்னைக்கு அதே கதைதான், கோழியை வச்சு.

முதல்ல பிரச்சனை. கொலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாடிக். மத்த மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு ஐசியூவில் டாக்டர்கள் கடைசியா எடுக்கிறது. அதையே கோழி சீக்கிரம் எடை போடணும்னு தீவனத்துல கலந்தாங்க. 2015-ல் சீனாவில், எம்சிஆர்-1 என்ற ஜீனைப் பன்றிகளில், கடை இறைச்சியில், நோயாளிகளிடமும் கண்டுபிடிச்சாங்க. இது இருக்கிற பாக்டீரியா கொலிஸ்டினுக்கு மசியாது. பக்கத்து பாக்டீரியாவுக்கும் ஜீனைக் காப்பி பண்ணிக் கொடுத்துடும். 2019-ல் இந்தியா பண்ணைகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது.

அப்போ மாற்று? மெட்டீரியல் சயின்ஸ்காரங்க சோதிக்கிற ஒண்ணு, வெள்ளி நானோ துகள். அதிலிருந்து கசியும் அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும். பெட்ரி டிஷ்ல சால்மோனெல்லா வளர்த்து இதை வச்சா, சுத்தி எதுவும் வளராத தெளிவான வட்டம் தெரியும்.

ஆனா பெட்ரி டிஷ் வெறும் லோக்கல்ஹோஸ்ட். கோழிக் குடல்தான் புரொடக்‌ஷன். அங்க தீவனப் புரதமே அயனிகளைப் பிடிச்சு வச்சுக்கும். லாக்டோபேசில்லஸ் மாதிரி நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கலாம். ஈரலில், முட்டையில் வெள்ளி தங்குதான்னும் பார்க்கணும். வெள்ளிக்கே பழகிட்ட பாக்டீரியாவும் உண்டு.

அதனாலதான் இதுல மைக்ரோபயாலஜிஸ்ட்டும் கால்நடை டாக்டரும் கூட உட்காரணும். அடுத்த முறை "பாக்டீரியாவைக் கொல்லும் நானோ"ன்னு செய்தி வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: டிஷ்லயா, கோழியிலயா?