‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளைத் திணற வைப்பவை நீளமான சொற்கள் அல்ல. ‘தெர்மாமீட்டர்’ என்றால் ஒரே பொருள்தான். ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். மூன்றே எழுத்தில் அடங்கும் குட்டிச் சொற்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அவற்றுள் ஒன்றான ‘ரன்’ என்னும் வினைச்சொல்லை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நீலசந்திராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சொல் காதில் விழாத குழந்தை இராது. எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே கிரிக்கெட் அதைக் கற்றுக் கொடுத்துவிடுகிறது. பஸ்ஸில் போனால் ‘ரன்னிங்கில் ஏறாதே’ என்ற அதட்டல் கேட்கிறது. பிறகு பள்ளியில் ‘ரன் என்றால் ஓடு’ என்று எழுதி மனப்பாடம் செய்ததும், அந்தச் சொல் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அது அங்கேதான் தொடங்குகிறது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ம் ஆண்டுப் பதிப்பில், இருபது தொகுதிகளிலும் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் ‘செட்’. அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011-ல் கணக்குச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைச் சீர்செய்ய ஓர் ஆசிரியருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் பிடித்ததாம்!

இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் கால் ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் பொதுவாக இருந்தது. இயந்திரங்கள் வந்தபோது அவையும் ‘ரன்’ ஆயின; ரயிலும் ஆலையும் ஆயின; இன்று கம்ப்யூட்டர் நிரலும் ஆகிறது. நிற்காமல் நடந்துகொண்டிருக்கும் எதற்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டார்கள்.

தமிழர்களாகிய நாம் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நம்முடைய ‘ஓடு’ என்ன சும்மா இருக்கிறதா? ஆறு ஓடுகிறது. அதனால்தான் ஓடை என்கிறோம். கடிகாரம் ஓடுகிறது, மிஷின் ஓடுகிறது, சுவருக்குள் ஒயர் ஓடுகிறது. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடலாம். வீட்டை விட்டுச் சொல்லாமல் போனவனைத் தமிழில் ‘ஓடிப்போனான்’ என்கிறோம். ஆங்கிலேயர் ‘ரன்’ உடன் ‘அவே’ சேர்க்கிறார்கள். நாம் வினைக்குப் பின்னால் ‘போ’, ‘வா’ என்று இன்னொரு வினையை ஒட்டிப் பொருளைத் திருப்புகிறோம். அவர்கள் ‘அவே’, ‘அவுட்’, ‘ஓவர்’ என்று சின்னச் சொல்லை ஒட்டித் திருப்புகிறார்கள்.

ஆகவே, ‘எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது’ என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார்களின் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வினைச்சொல் எத்தனை வேலை செய்யும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாதது அதுதான்.

இரண்டு மொழியும் பிரிகிற இடங்கள் இதைவிடச் சுவையானவை. மூக்கு ஆங்கிலத்தில் ஓடுகிறது, தமிழில் ஒழுகுகிறது. காய்ச்சலும் அங்கே ஓட்டம்தான். நமக்கு அது அடிக்கிறது. தேர்தலில் நம் வேட்பாளர் நிற்கிறார், பிரிட்டனிலும் நிற்கிறார், அமெரிக்காவில் மட்டும் ஓடுகிறார்! கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் கடையை ‘ரன்’ செய்கிறார், நாம் நடத்துகிறோம். அவர் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம். ‘ஓட்டுகிறேன்’ என்று நாமும் சொல்வதுண்டு, ஆனால் அதில் ஒரு பெருமூச்சு கலந்திருக்கும். ‘குடும்பத்தை எப்படியோ ஓட்டிட்டிருக்கேன்’ என்பவரிடம் கையில் காசில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அந்தப் பெருமூச்சு கிடையாது. பெரிய கம்பெனியைக் கட்டி ஆள்பவரும் அதை ‘ரன்’தான் செய்கிறார்.

‘அவுட்’ சேரும்போது உள்ள சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ரன் அவுட்’ என்றால் நம் பையன்களுக்கு ஸ்டம்பு பறப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு பொருள் தீர்ந்துபோவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொற்கள்தான். பெங்களூரில் நம் வீடுகள் பலவற்றில், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாட்டிக்குப் படித்துச் சொல்வது பள்ளிக்குப் போகும் பேரனோ பேத்தியோதான். சர்க்கரை நோய்க்கான மாத்திரைச் சீட்டின் அடியில் ‘டோன்ட் ரன் அவுட் ஆஃப் டேப்லட்ஸ்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ரன் என்றால் ஓடு’ என்று மட்டும் படித்த பிள்ளை என்ன சொல்லும்? “பாட்டி, நீங்க ஓடக் கூடாதாம்.” பாட்டியும் “நடக்கவே முடியல, நான் எங்கடா ஓடப் போறேன்” என்று சிரித்துவிட்டுச் சீட்டை மடித்து வைப்பார். மாத்திரை தீருமுன் வாங்கி வைக்க வேண்டும் என்ற செய்தி அந்த மடிப்புக்குள்ளேயே நின்றுவிடும். பரீட்சையில் ஒரு மதிப்பெண் குறைந்தால் அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம். மாத்திரை விட்டுப்போவது அப்படியல்ல.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. அது தெருவில் பேசப்படும் கன்னடம். அங்கேயும் ஓடுவது ‘ஓடு’தான். வண்டி ஓட்டுவது ‘ஓடிஸு’. கடையை மட்டும் நம்மைப் போலவே ‘நடெஸு’, அதாவது நடத்து. தமிழும் கன்னடமும் கைகோத்து நிற்க, ஆங்கிலம் தனியே ஓடுவதைப் பிள்ளை தானே காணும். ஒரே ஒரு எச்சரிக்கை: கன்னடத்தில் ‘ஓது’ என்றால் படி. நம் ‘ஓதுவார்’ என்பதில் உள்ள அதே சொல். நாக்கு சற்று மேலே ஏறி ‘து’ என்பது ‘டு’ ஆகிவிட்டால், பாடம் படிக்கும் பையன் பள்ளியை விட்டு ஓடுகிற பையனாகிவிடுவான்!

இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு நம் பக்கத்துப் பேட்டையிலேயே ஒரு பெயர் இருக்கிறது. நீலசந்திராவை அடுத்த ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் பெயர். ஜெர்மனியிலிருந்து வந்து கன்னடம் கற்று, 1894-ல் சுமார் எழுபதாயிரம் சொற்கள் கொண்ட கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வைத்த பெயர் அது. அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியது இதுதான். நோட்டில் சொல்லும் பொருளும் என்று இரண்டு பத்தி போட்டு எழுத வைப்பதை விட்டுவிடுங்கள். ‘ரன்’ வந்த முழு வாக்கியத்தையும் எழுதச் சொல்லி, எது ஓடுகிறது என்று கேளுங்கள். ஆளா, தண்ணீரா, மிஷினா, கடையா, மாத்திரையா? பதில் வந்ததும், நம் வீட்டில் அதை எப்படிச் சொல்வோம் என்று கேட்டு, அந்தத் தமிழை எதிரில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ‘ரன்’ முடிந்தால் அடுத்து ‘டேக்’ காத்திருக்கிறது. அதற்கு ‘எடு’ என்று மட்டும் எழுதியிருக்கும் பிள்ளையிடம், பஸ்ஸில் போவது, மருந்து சாப்பிடுவது, லீவு போடுவது மூன்றுக்கும் ஆங்கிலம் கேட்டுப் பாருங்கள்.