லங்காவியில் வாடகைக் கார்

கோலா கெடாவிலிருந்தோ கோலா பெர்லிசிலிருந்தோ படகேறி, காலை வேளையில் லங்காவித் தீவின் குவா படகுத்துறையில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தார், மகசூரியின் சமாதியைக் கண்டு, செனாங் கடற்கரையில் குழந்தைகளைச் சிறிது நேரம் விளையாடவிட்டு, மாட் சிஞ்சாங் மலையில் கேபிள் காரேறி, தஞ்சோங் ரூவின் மணலில் இளைப்பாறி, அந்தி சாய்வதற்குள் குவாவுக்கே திரும்பிவிடுவதென்பது, வாடகைக் கார் ஒன்று கைவசம் இருக்குமாயின், சிரமமில்லாமல் நிறைவேறக்கூடிய காரியம். பேருந்தை நம்பி இத்தீவைச் சுற்ற இயலாதாகையால் கார் எடுப்பது அவசியமுங்கூட. ஆனால் எவரிடம், எந்த நிபந்தனைகளின்மேல் எடுக்கிறோம் என்பதை விசாரியாமல், படகை விட்டு இறங்கிய அவசரத்தில் சாவியை வாங்கிக்கொள்வதிலேதான் பிற்பாடு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஆரம்பமாகின்றன.

படகுத்துறையில் குறைந்த வாடகை சொல்லி அழைக்கும் தரகர்களின் கார்கள் யாவும் முறையான அனுமதி பெற்றவை அல்ல. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த காரை ஒருவர் பிறருக்கு வாடகைக்கு விடும்போது, அந்தக் காரின்மேல் எடுத்திருக்கும் தனியார் காப்புறுதி அவ்வித உபயோகத்தைச் சாதாரணமாக விலக்கி வைத்திருக்கிறதாகையால், வழியில் மோதல் நேர்ந்து கார் சேதமடைந்தால் நஷ்டத்தை ஏற்க மறுப்பதற்குக் காப்புறுதி நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பாரம் முழுவதும் ஓட்டியவர் தலையில் வந்து விழக்கூடும். மலேசியாவில் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்பினரின் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியை மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே, வாடகைக்கு விடும் உரிமம் உண்டா, காப்புறுதிப் பத்திரம் வாடகை உபயோகத்தைச் சேர்த்துக்கொள்கிறதா என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டு, பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது உத்தமம். தமிழ்நாட்டிலிருந்து வருவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்று, அதனுடன் தம் சொந்த உரிமத்தையும் எடுத்து வருவார்களாக. வழியில் மைத்துனரோ மனைவியோ மாற்றி ஓட்டுவதாயிருந்தால் அவர்கள் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காத நம்மவர், பல ஆயிரம் ரிங்கிட் பெறுமானமுள்ள காரைச் சுற்றிவந்துகூடப் பாராமல் ஒப்பமிடுவது எனக்கு விளங்காத விஷயம். டெபாசிட் பணத்தைப் பற்றிய சச்சரவுகளில் மிகுதியும் பழைய கீறலொன்று புதிய கீறலாகக் கணக்கில் ஏறுவதால் விளைகிறவை. காரின் நான்கு பக்கங்களையும், டயர்களையும், முன்கண்ணாடியையும், எரிபொருள் முள்ளையும் கைப்பேசியில் நிதானமாகப் படமெடுத்து, அந்தப் படங்களை உரிமையாளருக்கும் அப்பொழுதே அனுப்பிவிட்டால், மாலையில் வாக்குவாதத்துக்கே இடமிராது. விபத்து நேர்ந்தால் வாடகைக்கு எடுத்தவர் எவ்வளவு தொகைவரை பொறுப்பு, டயரும் கண்ணாடியும் காரின் அடிப்பாகமும் காப்புறுதியில் சேருமா, கார் பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கும் வாடகை கேட்பார்களா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்கலாகாது. சட்டபூர்வமான அதிகாரமின்றிப் பிறர் கடவுச்சீட்டை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். நகல் கொடுப்பதே போதும். இதற்கிடையில் உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: டுரியான் பழத்தைக் காருக்குள் வைத்து நாற்றம் ஏற்றிவிட்டுச் சுத்தம் செய்யும் கட்டணத்தை எதிர்ப்பவருக்காக நான் பரிந்து பேச மாட்டேன்.

சாலையைப் பொறுத்தவரை, லங்காவியின் சாலைகள் நல்லவை. எருமைகளுக்கும் அவை நல்லவையாகவே தோன்றுகின்றன. கிராமப்புறங்களில், விசேஷமாக இருட்டிய பின்னர், வளைவைக் கடந்தவுடன் கரிய உருவமொன்று சாலை நடுவே நிற்கக்கூடுமாதலால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதொன்றே பாதுகாப்பு. 881 மீட்டர் உயரமுள்ள குனோங் ராயா மலையிலிருந்து இறங்குகையில் பிரேக்கையே ஓயாமல் மிதித்து வந்தால் அது சூடேறி வலுவிழக்கும். சிறிய கியரில் இறங்க வேண்டும். பின்னிருக்கையில் அமர்வோருக்கும் பெல்ட் கட்டாயம். 2020 முதல் குழந்தை இருக்கையும் சட்டமாகிவிட்டதாகையால் அதை முன்கூட்டியே கேட்டு வைப்பது பெற்றோர் கடமை.

விபத்து நேர்ந்துவிட்டால், காயம் பட்டவர்களுக்கு 999 எண்ணில் உதவி கோரியபின், காரின் உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும்; 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் விதிக்கும் கடமை அது. நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று எதிராளி சொல்வதைக் கேட்டுத் திரும்பி வந்தவர், அந்தப் புகார் நகலின்றிக் காப்புறுதிப் பணம் கேட்கும்போது கதியற்று நிற்பார்.

டெபாசிட்டைத் திருப்பித் தர மறுத்தாலோ, ஓட்டத் தகுதியற்ற காரைக் கொடுத்திருந்தாலோ பரிகாரம் உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாடகைக்கு விடும் பொருளுக்கும் தர உத்தரவாதம் அளிப்பதோடு, அச்சடித்த ஒப்பந்தத்தில் அநியாயமான நிபந்தனை இருந்தால் அதைச் செல்லாதென்று விலக்கவும் இடம் தருகிறது. ஒப்பமிட்டுவிட்டோமே என்று மலைக்க வேண்டியதில்லை. முதலில் எழுத்து மூலமாக உரிமையாளரைக் கேட்டு, அவர் இணங்காவிடில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. உடற்காயத்துக்கான இழப்பீடு மட்டும் அதன் வரம்புக்குள் வராது. வக்கீல்கள் அங்கே வாதாடுவதில்லை; ரசீது, ஒப்பந்தம், படங்கள், போலீஸ் புகார் ஆகியவற்றுடன் தாமே சென்று பேசலாம். தீர்ப்பைப் 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதவர் குற்றவாளியாகிறார். மனுச் செய்யக் கட்டணம் 5 ரிங்கிட். கால வரம்பு 3 ஆண்டுகள்.